மளிகை லிஸ்ட்டில் தொடங்கிய எடைக்குறைப்பு

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் எடை குறைக்க நினைக்கிறாள் என்று தெரிந்தால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வழி சொல்லிவிட்டுப் போவார்கள். சோற்றை அடியோடு விட்டுவிடு என்பார் ஒருவர். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும் என்பார் இன்னொருவர். இரவு பட்டினி கிடந்தால் தானாகக் குறையும் என்பார் அடுத்தவர். எல்லாமே அவள் தனியாக, வைராக்கியமாக, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டியவை. அந்த வீட்டுக்குள் மாதாமாதம் என்ன வந்து இறங்குகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் எடை 81 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இப்போது எடை 68, எச்பிஏ1சி 5.6. ஜிம்முக்குப் போகவில்லை, பொடி கலக்கிக் குடிக்கவில்லை, தினமும் மதியம் சோறு சாப்பிடுகிறேன். மாறியது மளிகை லிஸ்ட். அது மாறியதால் வீட்டின் சாப்பாட்டு வழக்கம் மாறியது, அதனால் எடை மாறியது. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பில் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும், சூப்பர் மார்க்கெட் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், சீரகம் ஒரு பக்கம். மேரி பிஸ்கட், க்ரீம் பிஸ்கட், ரஸ்க், மிக்சர், சிப்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், கார்ன் ஃப்ளேக்ஸ், பாலில் கலக்கும் மால்ட் பவுடர், ஜாம், தக்காளி சாஸ், டெட்ரா பேக் ஜூஸ், உறைய வைத்த பரோட்டா, சூப் பாக்கெட் இன்னொரு பக்கம். கூட்டிப் பார்த்தால் இரண்டாவது பக்கத்துக்கான பணம் முதல் பக்கத்தைவிட அதிகம். எங்கள் வீட்டில் யாரும் பீட்சா, பர்கர் வாங்குகிறவர்கள் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் "அவங்க வீட்ல வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்வார்கள். அது உண்மையும்தான். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. மூன்று வேளைக்கும் நடுவில் இருந்த இடைவெளிகளில்தான் பாக்கெட்டுகள் இருந்தன.

என் சிறுவயதில் அம்மா எழுதிக் கொடுக்கும் மளிகைச் சிட்டை எனக்கு நினைவிருக்கிறது. அதில் பிஸ்கட் என்ற ஒன்று கிடையாது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் அப்பா பன்னும் பிஸ்கட்டும் வாங்கி வருவார், உறவினர் வந்தால் காராசேவு பொட்டலம் வரும். அப்போது வீட்டில் சோறு இப்போதைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். அவர்கள் நடந்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அன்றைய தட்டுக்கும் இன்றைய தட்டுக்கும் இடையில் பெரிதாகச் சேர்ந்தது சோறு இல்லை.

தமிழ்நாட்டின் நிலைமை சாதாரணமானதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 ஆக இருந்தது. ஆண்களில் 37 சதவீதம். நம்மில் பத்துப் பெண்களை நிறுத்தினால் நான்கு பேர். இவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் மனவலிமை குறைந்துபோனதா என்ன? சுற்றி இருக்கும் சாப்பாடு மாறியிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் தெளிவானது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2019-இல் வெளியிட்டது. 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், போதும் என்றால் நிறுத்தலாம். பாக்கெட் வகை உணவு தந்த வாரங்களில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் சுமார் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது.

சாப்பிட்டவர்களுக்குத் தாங்கள் அதிகமாகச் சாப்பிடுவதே தெரியவில்லை. அந்த உணவு மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை, அதனால் வேகமாக உள்ளே போகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டு காலி. பதப்படுத்தாத உணவைச் சாப்பிட்ட நாட்களில் பசியை அடக்கும் ஒரு ஹார்மோன் கூடியிருந்தது, பசியைத் தூண்டும் ஹார்மோன் குறைந்திருந்தது. சாப்பாட்டைக் குறைத்துக்கொள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. உணவு மாறியது, அளவு தானாகக் குறைந்தது.

அதிகமாகப் பதப்படுத்தியது என்றால் எது என்பதற்கும் ஒரு வகைப்பாடு இருக்கிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் முன்வைத்த நோவா வகைப்பாடு அது. பதப்படுத்தாதது ஒரு வகை: காய், பழம், அரிசி, பருப்பு, பால், முட்டை, மீன். சமைக்கப் பயன்படும் எண்ணெய், சர்க்கரை, உப்பு இரண்டாவது. இவற்றைச் சேர்த்துச் செய்யும் ஊறுகாய், கருவாடு, பாலாடைக்கட்டி போன்றவை மூன்றாவது. நான்காவதுதான் பிரச்சினை: எந்த அடுக்களையிலும் இல்லாத பொருட்களை, அதாவது எமல்சிஃபயர், செயற்கை மணம், மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப் போன்றவற்றைக் கொண்டு ஆலையில் தயாராகிறவை. பாக்கெட்டில் இருப்பதெல்லாம் இந்த வகை இல்லை. பாக்கெட் தயிரும் பாக்கெட் ரவையும் நான்காவது வகையில் வராது. கடையில் வாங்கும் இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் உப்பும் மட்டும் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

ஆகவே அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டது எனக்கு எந்த டயட்டையும்விட உதவியது. நம் நாட்டு விதிப்படி எது அதிக எடை இருக்கிறதோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும், பிறகு அடுத்தது என்று இறங்குவரிசையில். எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு ராகி பிஸ்கட் அட்டையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. முன்பக்கத்தில் ராகிக் கதிர், பச்சை நிறம், ஆரோக்கியம் பற்றி ஒரு வரி. பின்பக்கத்தில் முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு. அது மைதாதான். அடுத்து சர்க்கரை. அடுத்து பாமாயில். நான்காவதாகத்தான் ராகி. சர்க்கரை நோய் உள்ள என் மாமியாருக்காக அதை வாங்கிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் கவனித்தேன். சர்க்கரை ஒரே பெயரில் வருவதில்லை. சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ஒரே செலவை மூன்று தலைப்பில் பிரித்துக் காட்டினால் எதுவும் பெரிதாகத் தெரியாது. "ஒரு பரிமாறலுக்கு இத்தனை கலோரி" என்று போடும் இடத்தில் அந்தப் பரிமாறல் எத்தனை கிராம் என்று பாருங்கள். இரண்டு மூன்று பிஸ்கட்டாக இருக்கும். 100 கிராமுக்கு என்ன என்பதைப் படித்தால் உண்மை தெரியும்: பெரும்பாலான பிஸ்கட்டுகளில் 450 முதல் 500 கலோரி.

முதல் மாதம் லிஸ்ட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிவிடவில்லை. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம், ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். மால்ட் பவுடரும் ஜூஸும் முதலில் போயின, யாரும் தேடவில்லை. நூடுல்ஸும் உறைந்த பரோட்டாவும் அடுத்து. மகன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சண்டை வந்தது பிஸ்கட்டுக்கும் ரஸ்க்குக்கும்தான். ஏனென்றால் அது மாலை நாலு மணியின் விஷயம்.

நம் வீடுகளில் எடை ஏறும் நேரம் எது என்று என்னைக் கேட்டால், மாலை நாலு முதல் ஏழு வரை என்பேன். மதியச் சாப்பாடு செரித்திருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும், பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் பசியோடு வீட்டுக்குள் நுழைவோம். கையில் டீ டம்ளர், எதிரில் டப்பா. டப்பாவைத் திறந்தால் எத்தனை எடுத்தோம் என்ற கணக்கே இருக்காது. அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது தயாராக இல்லாமல் டப்பாவை மட்டும் காலி செய்தால், அடுத்த நாளே யாராவது கீழே கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவார்கள்.

"டீக்கு ஒண்ணுமே இல்லாம வெறும் வாயோட எப்படிம்மா குடிக்கிறது?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் இல்லாம இல்ல அத்தை. சுண்டல் பண்ணி வச்சிருக்கேன்."

"சுண்டலா? கொலுவுக்குத்தான் சுண்டல். தினமுமா பண்ணுவாங்க?"

தினமும் பண்ணலாம் என்று அவருக்குக் காட்ட எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. காலையில் காபி போடும்போதே கொண்டைக்கடலையை எடுத்து வைக்கிற வேலை முடிந்துவிடும்: முதல்நாள் இரவு ஊறப்போட்டதை வடித்து, உப்புப் போட்டுக் குக்கரில் வைத்துவிடுவேன். மாலையில் வந்து அரை கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல், மாங்காய் கிடைக்கும் காலத்தில் பொடியாக நறுக்கிய மாங்காய். பத்து நிமிட வேலை. மறுநாள் பச்சைப்பயறு, அதற்கு மறுநாள் தட்டைப்பயறு, மழைக்காலத்தில் மொச்சை. வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்தால் அது ஒரு நாள். பச்சைப்பயற்றுக்கு ஊற வைக்கக்கூட அதிக நேரம் வேண்டாம், மறந்துபோன நாளில் அதுதான் கைகொடுக்கும்.

100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 165 கலோரி, 9 கிராம் அளவுக்குப் புரதம், நிறைய நார்ச்சத்து. அதே எடை பிஸ்கட்டின் கலோரியில் மூன்றில் ஒரு பங்குதான். அதைவிட முக்கியம், ஒரு கிண்ணம் சுண்டலை மென்று முடிக்க நேரமாகும். முடித்த பிறகு இன்னொரு கிண்ணம் வேண்டும் என்று தோன்றாது. பிஸ்கட்டில் அந்தப் "போதும்" வருவதே இல்லை. மாமியார் இப்போது தட்டைப்பயறு சுண்டலில் வெல்லம் போட்டுச் செய்வதா காரமாகச் செய்வதா என்று என்னோடு வாதம் செய்கிறார். காரம்தான் என்று நான், இனிப்புதான் என்று அவர்.

சுண்டல் வந்த பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இரவுச் சாப்பாடு சுருங்கியது. முன்பு எட்டரை மணிக்குப் பிறகு தோசைக்கல்லைப் போட்டால் ஆளுக்கு நாலு, ஐந்து. இப்போது ஏழரைக்கே உட்கார்ந்து இரண்டு, மூன்று. மாலையில் வயிற்றுக்குள் உருப்படியாக ஏதோ போயிருப்பதால் இரவில் அந்தப் பறக்கும் பசி இல்லை. ஒரு இடைவெளியைச் சரிசெய்தால் அதற்கு அடுத்த வேளையும் சேர்ந்து சரியாகிறது.

அப்புறம் மதியத் தட்டு. சோற்றை விடவில்லை என்று சொன்னேன், ஆனால் அதன் இடம் மாறியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு இப்படிச் சொல்கிறார்கள்: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். அந்த நிறுவனத்தின் தொடக்கம் நம் குன்னூர் என்பதைச் சொல்லத் தோன்றுகிறது. 1918-இல் பெரிபெரி நோயை ஆராய அங்கே இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. சரி, விஷயத்துக்கு வருவோம். 400 கிராம் காய்! எங்கள் வீட்டுப் பொரியல் என்பது சோற்றின் ஓரத்தில் இரண்டு கரண்டி. அதைக் காயாக நிறுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 80 கிராம்கூட வராது.

தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையில் போகத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வேலை அது. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை. நீர்க்காய்களின் விலை குறைவு, அளவு நிறைய. மதியத்துக்கு இரண்டு காய் கட்டாயம்: ஒன்று பொரியல், ஒன்று பருப்புப் போட்ட கூட்டு. தட்டில் முதலில் இவை இரண்டும் விழும், பிறகுதான் சோறு. முதல் நாலைந்து வாய் காயும் கூட்டும் மட்டும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று நியூயார்க்கில் 2015-இல் செய்த சிறு ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கு அது இன்னொரு விதத்திலும் உதவியது. காய் முடிந்து சோற்றுக்கு வரும்போது குழம்புக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு அரைக் கரண்டி என்று போதுமானதாகிவிடுகிறது.

"அரிசிக்குப் பதில் சப்பாத்தி" என்பது நம்மிடையே அசைக்க முடியாத நம்பிக்கை. ஐந்து சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருக்கிறேன் என்பவர்கள் என் அலுவலகத்திலேயே உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வு, இந்தியர்களின் உணவுச் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சொல்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அந்த இடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் வர வேண்டும். நாங்கள் முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்கள், அதனால் எளிது. சைவக் குடும்பங்களில் கூட்டும் சுண்டலும் தயிரும்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

எண்ணெய்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் என்றால் ஐந்து பேருக்கு மாதம் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதாவது நாலரை லிட்டர். அது உச்சவரம்பு என்று வைத்துக்கொண்டு, மாத முதல் தேதி நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் சேர்த்து மூன்றரை லிட்டர் வாங்கி அதற்குள் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு தாளிப்பையும் அளக்க முடியாது. மாத அளவைக் கட்டினால் கரண்டி தானாக அடங்குகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. வறுவலுக்கும் வதக்கலுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் போவது அதுதான்.

இங்கே ஒரு விஷயம். வீட்டில் செய்தது என்பதற்காக எல்லாம் எடை ஏற்றாமல் இருந்துவிடாது. வீட்டு முறுக்கும் அதிரசமும் நோவா வகைப்பாட்டில் நான்காவது வகை இல்லைதான். ஆனால் எண்ணெயும் மாவும் சர்க்கரையும் எங்கே பொரித்தாலும் அவைதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முறுக்கு வேண்டும் என்றால் மாவு அரைத்து, பிசைந்து, அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த உழைப்பே ஒரு வரம்பு. தீபாவளிக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும் செய்வோம், ஆசையாகச் சாப்பிடுவோம், தீர்ந்துபோகும். வருடம் முழுவதும் டப்பா நிறைந்தே இருக்காது. பண்டிகைப் பலகாரத்தைக் கைவிடச் சொல்கிற எந்த டயட்டும் நம் வீடுகளில் ஆறு மாதம் தாங்காது, தாங்கவும் வேண்டாம்.

கல்யாண வீடு, ஹோட்டல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போனால் சாப்பிடுகிறேன். இலையில் காய் எதுவோ அதை முதலில் முடிக்கிறேன், இனிப்பு ஒன்று. அடுத்த வேளைக்குப் பட்டினி கிடந்து ஈடுகட்டுவதில்லை. பட்டினி கிடந்தால் அதற்கடுத்த வேளை இரண்டு மடங்காகிறது என்பதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. முதல் இரண்டு மாதம் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம், பிறகு மாதம் அரை கிலோ, சில மாதங்களில் ஒன்றுமே இல்லை. மாதம் பத்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் சில மாதங்களில் பல பத்துக் கிலோ குறைத்த 14 பேரை, அதே கெவின் ஹால் குழு ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016-இல் எழுதியது. பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதோடு, சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, அந்த எடையுள்ள ஒருவருக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எதையும் செலவழிக்காதே என்று உடல் கையை இறுக்கிக்கொண்டுவிட்டது. வேகத்துக்கு உடல் கேட்கும் விலை அது.

தராசைவிட எனக்கு நம்பகமாக இருந்தது தையல்காரரின் டேப். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90-க்கும் மேல் போனால் கவனம் வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். மேற்கத்தியர்களுக்கு இது 25, 30. ஏன் இந்த வேறுபாடு? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற மருத்துவரோடு நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நமக்கு உள்ளே, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். என் பிஎம்ஐ இன்னும் 27-க்கு மேல்தான். இடுப்பு 101-இலிருந்து 88-க்கு வந்திருக்கிறது. போக வேண்டிய தூரம் இருக்கிறது, அவசரம் இல்லை.

கொஞ்சம் குறைந்தாலே பலன் உண்டு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டதால் மட்டும் நோயாக மாறும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்த குழுவுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். நம் ஊரில், நம் சாப்பாடு சாப்பிடுகிறவர்களிடம் நடந்த ஆய்வு இது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் கணவரும் அரை மணி நேரம் நடக்கிறோம். பதினொன்றுக்குள் தூங்கிவிடுகிறேன். இவ்வளவுதான் உடற்பயிற்சி.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிஸ்கட், ரஸ்க் எல்லாம் நின்று மாவுச்சத்து குறையும்போது பழைய மாத்திரை அளவு அதிகமாகிவிடலாம், சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மாமியாருக்கு வீட்டிலேயே அடிக்கடி அளந்து, எண்களை எழுதி டாக்டரிடம் காட்டினோம். அவர்தான் மாத்திரையைக் குறைத்தார். உணவை மாற்றத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவு எழுதிய பிறகு எனக்கு மனத்தில் நிற்பது என் எடை இல்லை, பிள்ளைகள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புமா, பொங்கல், கிச்சடி என்று சூடாகச் சமைத்துப் போடுகிறார்கள். அதோடு காய் சேர்த்த சாம்பார். அருமையான வேலை. அதே பிள்ளை மாலை பள்ளி விட்டு வெளியே வந்தால் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது ஐந்து ரூபாய் பாக்கெட். கட்டட வேலைக்குப் போகிற தாயால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து சுண்டல் தாளிக்க முடியாது. ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். வைராக்கியம் பற்றி அவளிடம் யாரும் பாடம் எடுக்கக் கூடாது. பள்ளிகளில் மாலையில் ஒரு கிண்ணம் பயறு கொடுப்பதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும்.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பை மீறிய பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை அடித்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கான விளம்பரத்துக்கும் பள்ளி விற்பனைக்கும் கட்டுப்பாடு. சர்க்கரை பானங்களின் விற்பனை அதற்குப் பிறகு கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்தது. நம் நாட்டில் 2022-இல் நட்சத்திரக் குறியீடு ஒன்றை முன்மொழிந்தார்கள். நட்சத்திரம் என்பது பாராட்டுப் போல் இருக்கிறது, எச்சரிக்கைதான் வேண்டும் என்று பலர் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், முன்பக்க எச்சரிக்கை பற்றி முடிவெடுக்க மூன்று மாதக் கெடு விதித்தது. நட்சத்திரம் வேண்டாம் என்பவர்களின் பக்கம்தான் நானும். ஐந்து ரூபாய் பாக்கெட்டின் பின்பக்க எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டும் என்னால் படிக்க முடியவில்லை, அதுவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சர்க்கரை அதிகம், உப்பு அதிகம் என்று தமிழில், முன்பக்கத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.